வண்டி திரும்பும் நேரம்

அண்ணன் மகள் படிக்கிற கல்லூரியில் போன வருஷம் ஒரு கூட்டம் போட்டார்கள். பெற்றோரும் வரலாம் என்றார்களாம். அண்ணனுக்கு வேலை, மதினிக்கு நேரம் ஒழியவில்லை. "அத்த, நீ வா. ஆனா அங்கன வந்து வாயத் தொறக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு அவள் என்னை விருதுநகருக்கு அழைத்துப் போனாள்.

மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றுகொண்டு, ஒரு ஸ்டார்ட்அப் ஜெயிப்பதற்கு எது ரொம்ப முக்கியம் என்று பிள்ளைகளைக் கேட்டார். ஒரு பையன் முதலீடு என்றான். ஒரு பெண் நல்ல ஐடியா என்றாள். கூட்டாளிகள், விளம்பரம், விடாமுயற்சி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, எல்லாவற்றையும் பலகையில் எழுதிக்கொண்டே போனார். எனக்குக் கை துறுதுறுத்தது. எழுந்துவிடுவேன் என்று தெரிந்து அண்ணன் மகள் என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்து சேர்ந்தேன். அங்கே விழுங்கிய பதில் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஸ்டார்ட்அப் நடந்தது. அப்போது அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. மாவு வியாபாரம் என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

அந்தக் காலத்தில் நாங்கள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் இருந்தோம். வீட்டில் அம்மா, அண்ணன், மதினி, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த அவர்கள் மகள், பிறகு நான். அண்ணன் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றப் போவான். லோடு இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் கட்டிலில் கிடப்பான். மதினி விடியக்காலையில் கம்பெனி வண்டி ஏறிப் போய்ப் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினாள். நான் பி.காம். முடித்துவிட்டு வேலைக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே சமயத்தில் காத்திருந்தேன். இரண்டும் வருகிற வழியாகத் தெரியவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பதாகப் பெண் பார்க்க வந்தவர்கள் வெளியே போய்ச் சொன்னார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஒரு வெயில் காலத்து நடுப்பகலில் மதினி வேலை பார்த்த அறைக்குப் பக்கத்து அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. எல்லோரும் பொட்டலுக்கு ஓடிவிட்டார்கள். மதினியின் சேலைத் தலைப்பு மட்டும் கருகிப்போயிருந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, அந்த வெயிலில் வெறுங்காலோடு வீடு வரைக்கும் நடந்தே வந்துவிட்டாள். வந்தவள் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை இறக்கிவிடவே இல்லை.

அண்ணன் வந்ததும் ஒரே பேச்சாகச் சொன்னாள். "இனிமே நான் அந்த வண்டி ஏற மாட்டேன்."

அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் ஒருவன் மூட்டை தூக்கி ஐந்து பேர் சாப்பிட முடியாது. என் கல்யாணம் வேறு அவன் தலைமேல் உட்கார்ந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். "சரி, ஏற வேண்டாம். வேற ஏதாவது செஞ்சு பாரு. தீவாளி முடிஞ்சு கம்பெனிய மூடித் தொறப்பாகல்ல, அதுவரைக்கும் பாப்போம். தேறலன்னா வண்டி ஏறித்தான் ஆகணும். எனக்கு வேற வழி தெரியல."

மதினி தலையை ஆட்டினாள். தீபாவளிக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனிகளை மூடிவிட்டு, கொஞ்ச நாள் விட்டுப் பூஜை போட்டுத் திறப்பார்கள். அந்தப் பூஜை நாள்தான் எங்களுக்குக் கெடு.

என்ன செய்வது என்பதில் குழப்பம் இல்லை. மதினி ஆட்டுகிற மாவுக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டு. அவள் சுட்ட இட்லியைத் தின்றுவிட்டுத்தான் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் ஒரு கிரைண்டர் இருந்தது. அரிசியும் உளுந்தும் கிடைக்கும். ஆட்டி விற்போம் என்று முடிவானது. மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பி.காம். படித்தவள் சும்மா இருப்பேனா.

முதல் வேலையாக சிவகாசிக்குப் போய் லேபிள் அடித்தேன். பாக்கெட் போட்டு, லேபிள் ஒட்டி, பேர் வைத்து விற்றால்தான் கம்பெனி என்று என் எண்ணம். அச்சகத்தில் டிசைன் போடுகிறவரிடம் மாவு என்று தெளிவாகத்தான் சொன்னேன். அவர் கை பழகிய பழக்கத்தை நான் யோசிக்கவில்லை. வந்த லேபிளில் நடுவில் ஒரு கொழுகொழு குழந்தை, கையில் இட்லி, அந்த இட்லியிலிருந்து எட்டுத் திசைக்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பொறி பறந்தது. எழுத்துக்குக் கீழே வேறு புகை.

"எங்ககிட்ட வர்ற லேபிள் பூராம் இப்படித்தாம்மா. அப்பத்தான் கண்ணுல அடிக்கும்" என்றார்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல்லாஞ் சரி, திரி எங்கன இருக்கு?" என்று கேட்டான். பக்கத்து ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் பாக்கெட்டைத் தொடவே யோசித்தார். "பட்டாசு விக்க நம்மகிட்ட லைசென்சு கெடையாது தாயி" என்று அவர் சொன்னது விளையாட்டுக்கா நிஜமாகவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பாக்கெட்டைக் கிழித்து மாவைக் காட்டிவிட்டு வந்தேன்.

இட்லி காலையில் சுடுவது. அதனால் மாவையும் காலையில்தான் விற்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஆட்டி வைப்போம். ராத்திரியில் பொங்கி நிற்கும். விடிந்ததும் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோவேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ போகிறவள். விடியும்போதே கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கு முன்னாலேயே அவள் சோறு வடித்து, குழம்பு வைத்து, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற நேரத்தில் ஊரில் மிச்சம் இருப்பது மாவாட்டுவதற்கு எல்லா நேரமும் உள்ள பெண்கள்தான்.

அவர்கள் என் பாக்கெட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "மாவக்கூடவா வெலைக்கு வாங்குறது? எங்களுக்கு என்ன கை வெளங்காமயா போச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். நான் பதிலுக்கு ஏதோ சொல்ல, அவள் ஏதோ சொல்ல, அந்தத் தெருவுக்குள் கொஞ்ச நாள் நான் போக முடியவில்லை. மத்தியானத்துக்குள் கடையில் இருந்த மாவு வெயிலில் புளித்துப் பாக்கெட் பந்து மாதிரி உப்பிவிடும். கடைக்காரர் அதை ரெண்டு விரலால் தூக்கி, வெடித்துவிடுமோ என்கிற மாதிரி, தள்ளிப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பார்.

திரும்பி வந்த மாவை நாங்களே தின்றோம். தோசை, ஊத்தப்பம், பணியாரம், மறுபடியும் தோசை. அண்ணன் ஆலைக்குப் போகும்போது மூட்டை தூக்குகிற எல்லோருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தோம். "உங்க வீட்ல என்னலே, தெனமும் விசேசமா?" என்று அவர்கள் கேட்டார்களாம். அம்மா வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

எது சரியில்லை என்று நாங்கள் தினமும் சண்டை போட்டோம். மதினி ருசியில் குறை என்றாள். உளுந்தைக் கூட்டிப் பார்த்தாள், வெந்தயத்தைக் குறைத்துப் பார்த்தாள், அரிசியை மாற்றிப் பார்த்தாள். நான் லேபிள்தான் குற்றம், பேரைப் பெரிதாகப் போட்டு வேறு அடிக்கலாம் என்றேன். அண்ணன் பெரிய முதல் இல்லாமல் எதுவும் ஓடாது என்றான். அந்தக் கல்லூரிப் பலகையில் கோட்டுக்காரர் எழுதியதெல்லாம் எங்கள் அடுப்படியில் ஏற்கெனவே பேசி முடித்ததுதான். ஆடி பிறந்தது. வியாபாரம் மட்டும் பிறக்கவில்லை. விடியக்காலை தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மதினியின் கை ஒரு நொடி நின்று, பிறகு வேலையைத் தொடரும். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

இதற்கு நடுவில் கரண்டு போக ஆரம்பித்தது. அந்த வருஷங்களில் தமிழ்நாடு முழுக்கவே அதுதான் பேச்சு. முறை வைத்து நிறுத்துகிறோம் என்றார்கள். எங்கள் ஊருக்கு வந்த முறை, சாயங்காலம் பொழுது சாய்கிற நேரம். அதாவது நாங்கள் கிரைண்டர் போடுகிற நேரம். பாதி அரைத்த உளுந்தோடு கல் நின்றது. நான் கிரைண்டரைத் திட்டினேன், கம்பத்தைத் திட்டினேன், கடைசியில் திட்ட ஆள் இல்லாமல் அண்ணனைத் திட்டினேன். "நானா ஃபியூசப் புடுங்குனேன்?" என்று அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

வேறு வழியில்லாமல் வேலையை மாற்றினோம். விடிந்ததும் அரிசி நனையப் போட்டு, மத்தியானத்துக்கு மேல் கரண்டு இருக்கும்போதே ஆட்டி முடித்துவிடுவது. இதில் ஏதோ நல்லது இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் விற்கப்போகிற மாவு இன்னும் சீக்கிரமாகப் புளிக்கப் போகிறதே என்றுதான் அழுதோம்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி வண்டி எங்கள் வீட்டு வாசலில் பஞ்சரானது. மதினி முன்பு போய்வந்த அதே வண்டி. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். உள்ளேயிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கித் தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் வந்தார்கள். எல்லோரும் மதினியோடு வேலை பார்த்தவர்கள். கை கழுவிவிட்டுத்தான் வந்திருப்பார்கள், ஆனாலும் விரல் இடுக்கில் அலுமினியப் பொடி மினுங்கும். மதினி ஒரு குடத்தையும் செம்பையும் எடுத்து வைத்தாள். கரண்டு போய்விட்டிருந்தது. வீட்டுக்குள் மங்கலாக இருந்தது.

அவர்களில் ஒருத்தி வாசற்படியில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டாள். "காலையிலயே அரிசிய நனையப் போட்டுட்டு வந்துருக்கேன். இப்பப் போயி ஆட்டலாம்னா கரண்டு இருக்காது. அது வாரதுக்குள்ள நான் ஒறங்கிருவேன். நேத்தும் இதே கதைதான். ஊற வச்ச அரிசிய கோழிக்குப் போட்டேன்."

"ஆட்டொரல் இல்லையா?" என்று அம்மா கேட்டாள்.

"கெடக்கு, கொல்லையில. அதுலதான் எங்க கோழி முட்டையிடுது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவள் கண் அடுப்படி ஓரத்துக்குப் போனது. அங்கே ஈரத்துணி போட்டு மூடிய பெரிய குண்டா. அப்போதுதான் ஆட்டி வழித்து வைத்த மாவு. அவள் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு தன் தூக்குவாளியைத் திறந்து, எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீரிலேயே அலசி, மதினியிடம் நீட்டினாள். "ரெண்டு கரண்டி ஊத்தேன். யார்ட்டயும் சொல்லாத."

மதினி ஊற்றினாள். அவள் மூடியைப் போட்டு அமுக்கி, அதைக் கூடைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டாள். காலையில் சோறு கொண்டுபோன தூக்குவாளி சாயங்காலம் மாவோடு வீட்டுக்குப் போகிறது. தெருவில் பார்க்கிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போய்த் தன் பானையில் ஊற்றி, தன் கையால் உப்புப் போட்டுக் கரைத்து வைப்பாள். ராத்திரி அது அவள் வீட்டிலேயே பொங்கும். காலையில் அவள் மாமியார் மூடியைத் திறந்து பார்த்தால், ராத்திரி கரண்டு வந்த பிறகு மருமகள் ஆட்டிய மாவுதான். விலைக்கு வாங்கினாள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி காசும் தூக்குவாளியுமாக நீட்டினாள். டயர் மாட்டி முடிப்பதற்குள் குண்டா அடி தெரிந்துவிட்டது. கடைசியாக வந்தவளுக்கு மதினி வழித்து ஊற்றினாள். வண்டி போன பிறகு காலிக் குண்டாவுக்கு முன்னால் அவள் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஏ பிள்ள, நாளைக்கி விக்கிறதுக்கு மாவு இல்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த வெயில் காலத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் டயர் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டி எங்கள் வாசலில் நின்றது. "தண்ணி குடிக்கணுமாம்" என்றார் டிரைவர், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு. அதற்கு அடுத்த நாளும் அவர்களுக்குத் தாகமாக இருந்தது. அந்த சீசன் முழுக்க அந்த வண்டிப் பெண்களுக்கு எங்கள் வாசலுக்கு வந்ததும் தாகம் எடுத்தது. நாலு மாதம் நான் தெருத்தெருவாக அலைந்தும் விற்காத அதே மாவு. ருசி அதேதான், உளுந்து அளவு அதேதான், நாங்களும் அதே ஆட்கள்தான். லேபிள் கட்டுகளைப் பரண்மேல் போட்டுவிட்டோம், பெயர்கூட இல்லை. மாறியது ஒன்றே ஒன்று. காலையிலிருந்து சாயங்காலத்துக்கு வந்திருந்தோம், அதுவும் கரண்டு போகிற சாயங்காலத்துக்கு. அந்தக் கோட்டுக்காரர் பலகையில் நான் எழுதச் சொல்லியிருப்பேன், நேரம் என்று. அதுவும் நம் நேரம் இல்லை, வாங்குகிறவளுடைய நேரம்.

ஊரே கரண்டைத் திட்டும்போது மதினி மட்டும் வாய் திறக்க மாட்டாள். ஒரு நாள் சாயங்காலம் அதிசயமாகக் கரண்டு போகவில்லை. எல்லா வீட்டிலும் லைட் எரிந்தது. பிள்ளைகள் தெருவில் குதித்தார்கள். மதினி வாசலில் நின்று பல்பைப் பார்த்த பார்வையில் அது தானாகவே அணைந்திருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் அம்மாவிடமிருந்து வந்தது. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து வெள்ளைப் பொருள் வெளியே போகக் கூடாது. மோர், தயிர், உப்பு, மாவு, எதுவும். காலம் காலமாக வீட்டில் இருக்கிற வழக்கம், அம்மா அதை விட்டுக்கொடுக்க மாட்டாள். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் கூடிக் கம்பெனியில் வேலை நீண்டது. வண்டி பொழுது சாய்ந்த பிறகு வர ஆரம்பித்தது. நான் அம்மாவோடு மல்லுக்கட்டத் தயாரானேன். அவளோ திரியைத் திரித்து, எண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வண்டி வந்து, மாவு போய், கடைசிப் பெண்ணும் ஏறிய பிறகுதான் குச்சியை உரசினாள். "விளக்கு வைக்கிற நேரத்த நாமதான முடிவு பண்றோம்" என்றாள். அந்த வருஷம் சீசன் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டுச் சாமிக்கு வெளிச்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

தீபாவளி வந்தது. புதுச்சேலை எடுத்தோம். அண்ணன் மகள் மத்தாப்பைப் பார்த்து அழுதாள். எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு கம்பெனிகளை மூடினார்கள். வண்டி நின்றது.

அதோடு எங்கள் வியாபாரமும் நின்றது. பெண்கள் பகல் முழுக்க வீட்டில் இருந்தார்கள், பகலில் கரண்டு இருந்தது, அவரவர் வீட்டில் அவரவர் ஆட்டிக்கொண்டார்கள். கோழிகூட உரலை விட்டு இறங்கியிருக்கலாம். நாங்கள் பழக்கத்தில் கொஞ்சம் ஆட்டி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடைமழை வேறு. ஆலையில் அண்ணனுக்கும் சரியாக லோடு இல்லை. மறுபடியும் தோசை, ஊத்தப்பம், பணியாரம்.

ஒரு நாள் கம்பெனி போர்மேன் வீட்டுக்கு வந்தார். பூஜை போடுகிற நாளைச் சொல்லிவிட்டு, "உங்க கை மாதிரி சரம் பின்ன ஆள் இல்ல. பயப்படாம வாங்க, வேற அறையில ஒக்கார வைக்கச் சொல்லுறேன்" என்று மதினியிடம் மரியாதையாகவே சொன்னார். அவர் போன பிறகு அண்ணன் கட்டிலில் போய் உட்கார்ந்தான். போ என்று சொல்லவில்லை. போகாதே என்று சொல்லவும் அவனிடம் எதுவும் இல்லை.

"மதினி, கம்பெனி தொறந்தா வண்டி ஓடும், வண்டி ஓடுனா மாவு போகும். கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"பொறுக்கலாம். பெறவு அடுத்த தீவாளி முடிஞ்சதும் இதே மாதிரி ஒக்காந்துருக்கவா?" என்றாள். "ஒரு பாதி வருசம் ஓடி ஒரு பாதி நிக்கிற பொளப்ப நம்பி ஒங்க அண்ணன எம்புட்டு நாளைக்கித் தூக்கச் சொல்ல? நான் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு. ஏறிக்கிருதேன்."

நான் அவளைத் திட்டினேன். நிஜமாகவே வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பூஜை நாளுக்கான சேலையை மடித்து வைத்தாள். அன்றைக்கு அரிசி நனையப் போட யாரும் போகவில்லை.

பூஜை நாள் விடிந்தும் விடியாமலும் இருந்தது. மழை விட்டிருந்தது. மதினி குளித்து, சோறு கட்டி, தூக்குவாளியோடு வாசலில் நின்றாள். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டி வந்து நின்றது. மதினி படியில் ஒரு காலை வைத்தாள்.

"நீ எங்கன ஏறுற?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டாளே, அவள்தான்.

"வேலைக்குத்தான்."

"நீ வேலைக்கு வந்துட்டா? சாயங்காலம் நாங்க எவகிட்டப் போயி நிக்க? ஒருநாக் கூத்தா இது, தெனமும் வேணுமுல்ல. இந்த ஒரு மாசம் நானே ஆட்டிப் பாத்துட்டேன், என் புருசன் ஒரு இட்லிக்கு மேல தொடல. எறங்கு மொதல்ல."

மதினி படியில் வைத்த காலை எடுக்காமல் நின்றாள். "நாளைக்கே கம்பெனிய மூடுனா..." என்று ஆரம்பித்தாள்.

"மூடுனா மூடட்டும். இனிமே வீட்ல இருந்தாலும் ஒங்கிட்டதான் வாங்குவோம். மாமியாருக்குத் தெரிஞ்சாத் தெரியட்டும், அவுகளுக்கும் அந்த மாவுதான் பிடிச்சிருக்கு" என்றாள் பின் சீட்டில் இருந்த இன்னொருத்தி. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஜன்னல் வழியாக ஒரு காலித் தூக்குவாளி வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு எவர்சில்வர் போணிப் பாத்திரம். சோற்றுக்கு ஒன்று, மாவுக்கு ஒன்று என்று எல்லோரும் வீட்டிலிருந்தே ரெண்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஒளிக்காமல், மூடாமல், தெருவில் நாலு பேர் பார்க்கப் பார்க்க நீட்டினார்கள். மதினி இரண்டு கையாலும் வாங்கினாள். கை நிறைந்ததும் முழங்கையில் மாட்டிக்கொண்டாள். மிச்சத்தை நான் ஓடிப்போய் வாங்கினேன்.

"சாயங்காலம் வாரப்ப ஊத்தி வையி. தண்ணியும் வச்சிரு, தாகமாத்தான் இருக்கும்" என்று சொன்னாள் முதலில் பேசியவள். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மதினி பாத்திரங்களோடு தெருவில் நின்று அழுதாள். முகத்தைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. எனக்கும் அழுகைதான், ஆனால் நான் அழுதால் கோபமாக இருக்கிற மாதிரிதான் தெரியும். அண்ணன் கட்டிலை விட்டு எழுந்து வந்தான். அவள் முழங்கையிலிருந்து ஒவ்வொரு தூக்குவாளியாகக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்தான். வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டான்.

"அரிசி எங்கன இருக்கு? இப்ப நனையப் போட்டாத்தான கரண்டு போறதுக்குள்ள ஆட்ட முடியும்."